ஒரு வீட்டுக்கு ஒரு வில்

ஜனவரி 2

நேற்றோடு வில் வேட்டைக் காலம் முடிந்தது. இனி அக்டோபர் ஒன்றாம் தேதிதான். மிச்சிகனில் எங்களுக்கு வருடத்தில் மூன்று மாதம் வேட்டை, ஒன்பது மாதம் காத்திருப்பு.

காலையில் டோனாவின் பண்ணைக்குப் போய் ஓக் மரத்தில் கட்டியிருந்த பரணை இறக்கினேன். டோனாவுக்கு அறுபது வயது இருக்கும், தனியாளாக ஆட்டுப் பண்ணை நடத்துகிறாள். அவள் நிலத்தில் வில் எடுத்துப் போக ஒன்பது வருடமாக எனக்கு மட்டும்தான் அனுமதி. இன்று உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். நவம்பரில் நான் அடித்து, காயத்தோடு ஓடிப்போன பெட்டை மானை அவளுடைய நாய் வேலியோரம் கண்டுபிடித்ததாம். செத்து நாலு நாள் ஆகியிருந்ததாம். "இந்த மாதிரிச் சாவு இனிமேல் என் நிலத்தில் நடக்கக் கூடாது" என்றாள்.

அதற்காக ஒரு பரீட்சை. செப்டம்பர் கடைசி ஞாயிறு அவள் முற்றத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டி வைப்பாள். இருபத்தைந்து கஜத்தில் மூன்று அம்பு விட வேண்டும். மூன்றும் தட்டில் நின்றால் அக்டோபரில் வரலாம். ஒன்று தவறினாலும் நிலம் வேறு ஆளுக்கு.

மான் காயத்தோடு ஓடியதற்குக் குறுக்கே வந்த கிளைதான் காரணம். அதை அவளிடம் சொன்னேன். "கிளையா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் பியூலாவிடம் சொன்னபோது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "மூணு அம்புதான அத்தான். நீங்க கண்ண மூடிட்டு விட்டாலும் படும்" என்றாள். கட்டிய மனைவி சொல்ல வேண்டிய வார்த்தை அது.

ஜனவரி 11

மகன் ஜெஃப்ரி கல்லூரி விடுதிக்குப் போனதில் இருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். ஆராதனை முடிந்ததும் பியூலாவும் என்னோடு பயிற்சி அரங்குக்கு வந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. அரங்கில் கிங்ஸ்லி இருந்தான். நாசரேத்துக்காரன், என் கம்பெனியிலேயே வேலை செய்கிறான். எனக்குப் பிறகு வில் எடுத்தவன். அவன் வாய் சும்மா இருக்காது.

"பியூலாக்கா, உக்காந்து ஸ்வெட்டர் பின்னுததுக்கா இங்க வந்தீங்க? இந்தாங்க, இத இழுத்துப் பாருங்க" என்று வாடகை வில் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டான்.

பியூலா பத்து அம்பு விட்டாள். பாதி தரையில், பாதி பின்னால் தொங்கிய திரையில். கடைசி அம்பு நடு வட்டத்தில் போய் நின்றது. கிங்ஸ்லி கை தட்டினான். பக்கத்துத் தடத்தில் நின்ற வெள்ளைக்காரனும் தட்டினான். புதிதாகத் தொடுகிறவர்களுக்கு ஒன்று அப்படி விழும். எனக்கும் விழுந்தது. அன்றைக்கு யாரும் தட்டவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 31

பியூலாவுக்குப் பழைய வில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது வேறு மாதிரிச் சொல்லுவார்கள்.

பிப்ரவரி 7

கராஜில் வைக்கோல் கட்டை நிறுத்தி அவளுக்குப் பாடம் எடுத்தேன். வில்லில் பச்சைப் புள்ளியோடு ஒரு சின்ன ஊசி இருக்கும். அந்தப் புள்ளியைக் குறியின் மேல் வைத்துத்தான் அம்பை விட வேண்டும். அம்பு குறிக்கு இடப்பக்கம் போனால் ஊசியையும் இடப்பக்கமே தள்ள வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் அம்பு இன்னும் இடப்பக்கம் போகும். புதியவர்கள் எல்லாரும் இதில்தான் குழம்புவார்கள்.

"அம்பு போன பக்கமே ஊசியும் போகணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்" என்றேன்.

"சரி வாத்தியாரே."

"தப்பு கைல இருக்கும்போது ஊசியத் தொடக் கூடாது. மொதல்ல கையத் திருத்தணும்."

"சரிங்கேன்லா."

ஊசி சரியான இடத்துக்கு வந்ததும் திருகின் மேலும் சட்டத்தின் மேலும் சேர்த்து ஒரே கோடாக நெயில் பாலிஷ் தடவச் சொன்னேன். யாராவது திருகைத் தொட்டால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். தெரிந்தே நகர்த்தினால் பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போட வேண்டும். அதுதான் முறை. அவள் கிறிஸ்துமஸுக்கு வாங்கிய மாதுளை நிறப் பாட்டிலை எடுத்து வந்து, நகத்துக்குப் பூசுகிற மாதிரியே நாக்கைக் கடித்துக்கொண்டு பூசினாள். சிரிப்பு வந்தது. நல்ல நாள் இன்று.

முடிக்கும்போது ஒரு கூத்து செய்தாள். வைக்கோல் கட்டுக்கு மூன்றடி முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அம்பை விட்டாள். "குறியே இல்லாம விட்டுப் பாருங்க அத்தான், தோள்பட்ட லேசாயிருது." கண்ணை மூடிக்கொண்டு வில் விட நான் என்ன பைத்தியமா?

பிப்ரவரி 22

ஊசி நடு வட்டத்துக்குக் கீழேயே வந்து நின்றுகொள்கிறது. மேலே ஏற மாட்டேன் என்கிறது. தம் பிடித்து ஏற்றினால், குறி கண்ணில் பட்டதுமே விரல் தானாக நாணை விடுவிக்கும் பொத்தானை அமுக்கிவிடுகிறது. கையுறை தடிமன். வேறு வாங்க வேண்டும்.

கிங்ஸ்லி பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, இது டார்கெட் பேனிக்குல்லா" என்று ஆரம்பித்தான். குறியைப் பார்த்தாலே மனசு பதறி விரல் முந்திக்கொள்ளுமாம். பெரிய பெரிய ஆட்களுக்கும் வருமாம். அவனுக்கு வந்திருக்கும். எனக்குக் கையுறைதான் பிரச்சினை.

மார்ச் 1

புதுக் கையுறையும் சரியில்லை.

மார்ச் 21

பனி உருகிவிட்டது. ஆண் மான்கள் குளிர்காலம் முடிவதற்குள் கொம்பை உதிர்த்துவிடும். உதிர்ந்த கொம்பைப் பார்த்தால் எந்த மான் பிழைத்திருக்கிறது, எந்த வழியாக நடக்கிறது என்று தெரிந்துவிடும். வேட்டை இல்லாத மாதங்களில் கொம்பு பொறுக்குவதுதான் எங்களுக்குத் திருவிழா. நடப்பதற்கு மட்டும் டோனா சம்மதித்தாள்.

நான் முறையாகத் தேடினேன். முள் காடு, சதுப்பு, வேலியோரம் என்று ஒன்றையும் விடவில்லை. முழங்கால் வரை சேறு. எனக்குக் கிடைத்தது ஒரு பீர் டப்பாவும் ஆட்டு எலும்பும்.

பியூலா ஓடைக்குக் கை கழுவப் போனாள். போன இடத்தில் காலில் ஏதோ இடறியது என்று குனிந்தாள். கோணக்கொம்பனின் இடக் கொம்பு.

கோணக்கொம்பன் என்பது நான் வைத்த பெயர். இரண்டு வருடமாக நான் காத்திருக்கும் மான் அது. இடப்பக்கக் கொம்பு மட்டும் காதை ஒட்டிக் கீழே வளைந்து இறங்கும். ஒரு கொம்பு கிடைப்பதே அபூர்வம். சரி, அதோடு விட்டாளா? பத்தடி நடந்து வலக் கொம்பையும் எடுத்தாள். ஜோடி! ஒன்பது வருடத்தில் எனக்கு ஒரு ஜோடி கிடைத்ததில்லை.

"அத்தான், இங்க பாருங்க, இது உங்க ஆளுதான?" என்று இரண்டையும் தன் தலையில் வைத்துக்கொண்டு ஆட்டினாள். டோனா டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள், படம் எடுத்தாள், ஆட்டுப் பாலாடைக்கட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஒன்பது வருடமாக இந்த வாசலுக்கு வருகிறேன். எனக்கு ஒரு கோப்பைப் பால் கொடுத்திருப்பாளா?

வயிறு எரிகிறது. எழுதியதாகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 6

ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் டிவிக்கு மேலே மாட்டியிருக்கும் கொம்பைத்தான் பார்த்தார்கள். என்னுடைய இருபது வருட சேவைக் கேடயம் அங்கேதான் இருந்தது. இப்போது ஷூ அலமாரியில் இருக்கிறது. கிங்ஸ்லி எல்லாரிடமும், "பியூலாக்கா கால வச்ச இடமெல்லாம் கொம்பு" என்றான். பிரியாணியில் உப்பு கூடுதல்.

மே 9

பரணில் ஏறி இறங்க மூச்சு வேண்டும். முதுகுப் பையில் சோனா மசூரி அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு பேஸ்மெண்ட் படியில் ஏறி இறங்குகிறேன். பியூலா பார்த்தாள். சாயங்காலம் பையில் அரிசியோடு துவரம்பருப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அவளும் ஏறினாள். எனக்கு முன்னாலேயே ஆரம்பித்து, எனக்குப் பின்னால்தான் நிறுத்தினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஜூன் 20

கிளப்பின் கோடைப் போட்டி. காட்டுக்குள் ரப்பர் மான், ரப்பர் கரடி, ரப்பர் வான்கோழி எல்லாம் வைத்திருப்பார்கள். நடந்து நடந்து ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். பியூலாவுக்கு இதுதான் முதல் முறை. பெண்கள் பிரிவில் மூன்றாவது வந்தாள். என் புள்ளிகளை இங்கே எழுத அவசியமில்லை. ரப்பர் வான்கோழிக்குப் பின்னால் போன இரண்டு அம்புகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது காரில் கிங்ஸ்லி கேட்டான், "அண்ணாச்சி, வீட்டுல யாரு யாருக்கு வாத்தியாரு இப்ப?"

பியூலா அவனை அதட்டினாள். "எனக்கு வில்லப் புடிக்கச் சொல்லிக் குடுத்ததே அவியதான் கிங்ஸ்லி. வாய மூடிட்டு வா." எனக்காக அவள் பேசியதுதான் கிங்ஸ்லியின் கேலியை விடக் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 18

ஓடைப் பக்கம் மரத்தில் கேமரா கட்டி வைத்திருக்கிறேன். கேமரா என்னுடையது, பேட்டரி என்னுடையது, மரத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். கோணக்கொம்பன் அதில் விழுந்திருக்கிறான். புதுக் கொம்பு, அதே வளைவு, போன வருடத்தை விடக் கனம். டோனா கேமராவைப் பார்த்துவிட்டுப் படத்தை அனுப்பியிருக்கிறாள். யாருக்கு? பியூலாவுக்கு!

"ஒங்களுக்கும் அனுப்பியிருப்பான்னு நெனச்சேன் அத்தான்" என்றாள். நானும் பார்த்ததாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 8

பியூலா டோனாவுக்கு அச்சு முறுக்கு கொண்டு போனாள். நான் காரில் இருந்தேன். இரண்டு பேரும் வேலியில் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் சிரித்தார்கள். பிறகு டோனா என் ஜன்னல் பக்கம் வந்தாள். செப்டம்பரில் பியூலாவும் தட்டில் அடிக்கட்டும் என்றாள். ஆனால் இந்த வருடம் தன் அண்ணன் மகன் துப்பாக்கியோடு வருகிறானாம், நிலத்தில் கூட்டம் வேண்டாமாம். ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு வில். மூன்று அம்பையும் தட்டில் நிறுத்துகிறவருக்கு ஓக் மரம். இரண்டு பேரும் நிறுத்தினால், யாருடைய அம்புகள் நெருக்கமாக நிற்கின்றனவோ அவருக்கு.

வீட்டுக்கு வரும் வழியில் பியூலா சொன்னாள், "நான் வேணும்னா வேண்டாம்னுருதேன் அத்தான். ஒங்க மரம்லா அது."

"எனக்கு விட்டுக் குடுக்கத எல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதற்குப் பெயர் பொறாமைதான். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நெருப்பை முழுங்கின மாதிரி இருக்கிறது. நான் கூட்டிக்கொண்டு போன அரங்கு, நான் வாங்கிக் கொடுத்த வில், நான் பெயர் வைத்த மான். இவளுக்குச் சமையலறையும் பாடகர் குழுவும் போதாதா?

கடைசி வரியை அடிக்க வேண்டும். பிறகு அடிக்கிறேன்.

செப்டம்பர் 6

இன்று வைக்கோல் கட்டில் தட்டை மாட்டிப் பயிற்சி. மூன்றில் ஒன்று தட்டில் நின்றது. வெயில் கண்ணில் அடித்தது.

செப்டம்பர் 7

இன்று மேகமூட்டம். இரண்டு நின்றது.

செப்டம்பர் 22

பியூலாவின் வில்லுக்குப் புது நாண் மாட்டியதில் இருந்து அவளுடைய அம்புகள் இடப்பக்கமாக விலகுகின்றன. தட்டின் இடது ஓரத்தில்தான் போய் நிற்கின்றன. அவள் தன் கையில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு தோளைத் திருத்துகிறாள், பாதத்தைத் திருத்துகிறாள், ஊசியை மட்டும் தொடுவதில்லை. நாண் மாற்றினால் ஊசியையும் கொஞ்சம் தள்ளியாக வேண்டும். எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லுவேன். அவள் கேட்கவில்லை. தானாகக் கற்றுக்கொள்வதுதான் நல்லது.

இன்னும் இரண்டு விரல் இடப்பக்கம் போனால் தட்டை விட்டே வெளியே போய்விடும். சும்மா கணக்குக்காக எழுதுகிறேன்.

செப்டம்பர் 26

பியூலா சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். கராஜில் அவள் வில்லின் ஊசித் திருகை இறுக்கினேன். தளர்ந்திருந்த மாதிரி இருந்தது. கராஜில் ஒரு பல்பு போய்விட்டது, வெளிச்சம் போதவில்லை. சீக்கிரம் முடித்துக்கொண்டு திருகை முடுக்கும் ஆலன் சாவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அவள் வந்ததும் இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம்.

"ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு? நாளைக்கு உள்ளத நெனச்சா பயமா இருக்கா அத்தான்?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

செப்டம்பர் 27

மதியம் டோனாவின் முற்றம். வைக்கோல் கட்டில் வெள்ளைத் தட்டு. அழைக்காமலேயே கிங்ஸ்லியும் வந்திருந்தான். நாய் கூட வந்து உட்கார்ந்துகொண்டது. டோனா என்னை முதலில் அடிக்கச் சொன்னாள்.

முதல் அம்பு தட்டின் மேல் ஓரத்தில். இரண்டாவது நடுவில். மூன்றாவதுக்கு ஊசி தட்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டது. தம் பிடித்து மேலே தூக்கினேன். வெள்ளை கண்ணில் பட்டதும் விரல் அமுக்கிவிட்டது. அம்பு தட்டைத் தாண்டி வைக்கோலில் போய்க் குத்தியது. கிங்ஸ்லி கூட வாயைத் திறக்கவில்லை.

பியூலா கோட்டுக்கு வந்து நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தோற்றாகிவிட்டது. இனி இவள் அடித்தால்தான் அந்த நிலம் எங்கள் வீட்டுக்கு. இவளும் தவறினால் ஓக் மரம், ஓடை, கோணக்கொம்பன் எல்லாம் யாரோ ஒருவனுக்குப் போய்விடும். இவள் வில்லின் ஊசியோ நேற்று நான் தொட்ட ஊசி.

அவள் நாணை இழுத்தாள். நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? "கர்த்தாவே, இந்த ஒரு தடவை" என்று மனசுக்குள் கும்பிட்டேன். நேற்று ஒன்று வேண்டி, இன்று அதற்கு எதிராக வேண்டினால் கர்த்தர்தான் என்ன செய்வார்?

முதல் அம்பு நட்ட நடுவில் நின்றது. இரண்டாவது அதை உரசிக்கொண்டு நின்றது. மூன்றாவது இரண்டுக்கும் பக்கத்தில், ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம்.

"அடியாத்தீ!" என்று கத்தினான் கிங்ஸ்லி. நாய் குரைத்தது. நான் பேன்ட் பைக்குள் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடம், வலம். இடம், வலம். அம்பு போன பக்கமே ஊசியும். ஒன்பது வருடமாக அப்படியே திருகித் திருகிப் பழகிய கை இது. நேற்று அரை இருட்டில் வேறு பக்கம் திருகப் போன கை, பழக்கத்தில் இடப்பக்கமே திருகியிருக்கிறது. நான் சரி செய்து கொடுத்திருக்கிறேன்!

பியூலா டோனாவிடம் ஓடிப் போய் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அம்பெல்லாம் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்ததாம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லையாம். அவர் கவனித்து நேற்று ஊசியைச் சரி செய்து வைத்திருக்கிறாராம். போட்டியில் எதிரே நிற்கிறவளுக்கே சரி செய்து கொடுத்திருக்கிறாராம். டோனா நேராக என்னிடம் வந்தாள். வருட ஆரம்பத்தில் இருந்து என் முகத்தைச் சரியாகப் பார்க்காதவள், என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். "இப்படி ஒரு மனிதரை நான் தப்பாக நினைத்துவிட்டேன்" என்றாள். நான் பல்லைக் காட்டினேன்.

காரில் கேட்டேன், "ஊசி நகந்தது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"காலைலயே பாத்தேன். பாலிஷ் கோடு உடஞ்சிருந்துச்சு."

"அடிச்சுப் பாத்துக்கிட வேண்டியதுதான?"

"எதுக்கு? ஒங்க கைதான் தொட்டிருக்கும். நீங்க தொட்டா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

ஏசி போதவில்லை என்று ஜன்னலை இறக்கிவிட்டேன்.

செப்டம்பர் 28

சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 1

நேற்றில் இருந்தே வீட்டில் தாளிப்பு கிடையாது. கறிவேப்பிலை வாசனை துணியில் ஏறினால் மான் ஒரு மைலுக்கு அப்பாலேயே திரும்பிவிடும். ஒன்பது வருடம் நான் இதைச் சொன்னபோதெல்லாம் சிரித்தவள், இந்த வருடம் தானே தயிர்ச் சாதத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

விடிவதற்கு முன்னாலேயே அவளை டோனாவின் வாசலில் இறக்கிவிட்டேன். மறுபடி கட்டி வைத்த பரணில் ஏறும்போது கயிற்றை எப்படி இடுப்பில் மாட்ட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "தெரியும் அத்தான், தெரியும் அத்தான்" என்று இருட்டுக்குள் போனாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மரத்துக்கு என் மனைவி போகிறாள், நான் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஜன்னலை இறக்கிப் பார்த்தேன். அடித்துவிட்டாளோ என்று ஒரு பக்கம், அடித்திருக்கக் கூடாது என்று ஒரு பக்கம். மனுஷ மனசு இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வெயில் ஏறின பிறகு வந்தாள். வெறும் கை. ஏறி உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள்.

"வந்தான் அத்தான், கோணக்கொம்பன். மரத்துக்கு நேர் கீழ வந்து நின்னான். எம்மாடி, என்ன அழகு! மூச்சு விடுத சத்தம்கூடக் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"வில்ல இழுத்துட்டேன். ஊசியும் சரியா நின்னுச்சு. ஆனா கிளை ஒண்ணு குறுக்க இருந்துச்சு. அதான் விடல."

அவ்வளவுதான் சொன்னாள். டீயை மூடியில் ஊற்றி முதலில் எனக்குக் கொடுத்தாள்.

அந்தக் கிளை எனக்குத் தெரியும். நவம்பரிலும் அது அங்கேதான் இருந்தது. அது குறுக்கே வரவில்லை, குறுக்கே இருந்தது. அம்பை விடுவதற்கு முன்பே நான் அதைப் பார்த்தேன். விட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கும் விரல் முந்திக்கொண்டது. அந்த மான் நாலு நாள் வேலியோரம் கிடந்தது.

டீ சூடாக இருந்தது. குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அக்டோபர் 4

ஆராதனை முடிந்து வந்து கராஜைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். போன பல்பையும் மாற்றிவிட்டேன். பியூலா வில்லோடு வந்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் மாதுளை நிற நெயில் பாலிஷ் பாட்டிலையும் வைத்தாள்.

"ஊசிய நகத்துனா பழச சுரண்டிட்டுப் புதுக் கோடு போடணும்னு நீங்கதான சொன்னீங்க? அன்னைக்கு மறந்துட்டீங்க போல" என்றாள்.

குரலில் ஒன்றும் இல்லை. கண்ணை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மறக்கிற ஆள் நான் இல்லை என்று இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

பிளேடால் பழைய கோட்டைச் சுரண்டினேன். பிரஷ்ஷைத் தொட்டு எடுத்தேன். கை நடுங்கியது. சின்னத் திருகின் மேல் ஒரு சின்னக் கோடு, அதற்கே நடுங்கியது. பிரஷ் நுனி திருகைத் தொடாமல் கீழேயே நின்றுகொண்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கை நடுங்குது பியூலா" என்றேன். "குறியப் பாத்தாலே நடுங்குது. போன வருஷத்துல இருந்தே இப்படித்தான். கிளையும் இல்ல, கையுறையும் இல்ல."

"தெரியும்" என்றாள்.

"எல்லாமா?"

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து கோட்டைப் போட்டோம். கோணலாகத்தான் விழுந்தது. "போதும், நகந்தா தெரியும்லா" என்று ஊதிக் காய வைத்தாள்.

பிறகு வைக்கோல் கட்டில் மாட்டியிருந்த தட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, என் வில்லை என் கையில் கொடுத்து, மூன்றடி தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். "கண்ண மூடுங்க. குறின்னு ஒண்ணும் கிடையாது. நான் பக்கத்துலதான் நிக்கேன்."

மூடினேன். நாணை இழுத்தேன். விரல் அவசரப்படவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு விட்டேன். எங்கே பட்டது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த அம்பை எடுத்துக் கொடுத்தாள்.